கமக்காரரின் உணவளவும் உடல் நிறையும்

நெற்பயிருக்கு யூரியா இடும்போது அளவறிந்து இடல் வேண்டும் என்பதைக் கமக்காரர் யாவரும் அறிவர். தேவைக்கு மிஞ்சி உரமிட்ட வயலிலே பயிர் கரும்பச்சையாகச் செழித்து நிற்கும். வரம்பில் நின்று காண்போர் மெச்சுவர். ஆயின், கதிர் முற்றும் வேளையில் ஒரு மழையும் காற்றும் வந்தால் அப்பயிர் சாய்ந்துவிடும். எரிபந்த நோயும் கபிலநிறத் தத்தியும் அவ்வயலையே முதலில் நாடும். செழிப்பெனத் தோன்றியது உண்மையிற் செழிப்பன்று, அளவுமீறலின் விளைவேயாகும்.

மனித உடலும் இவ்வாறானதே. உடலுக்கு வேண்டிய அளவு உணவு கிடையாதவிடத்து உடல் மெலியும். வேண்டியதிலும் கூடுதலாகக் கிடைத்தால், மிஞ்சியது கொழுப்பாகச் சேமிக்கப்படும். வயலிலே பசளையை நிறுத்து இடும் கமக்காரர் பலர், தமது சாப்பாட்டுக் கோப்பையில் இடப்படுவதை ஒருபோதும் அளந்து பார்த்ததில்லை. முற்காலத்தில் அதற்குத் தேவையும் இருக்கவில்லை. இன்று அத்தேவை வந்துள்ளது. அது வந்ததற்கான காரணங்களையும், உணவின் அளவும் கடைகளில் விற்கப்படும் துரித உணவும் உடல் நிறையை எவ்வாறு கூட்டுகின்றன என்பதையும், அதனைத் தடுக்கும் எளிய வழிகளையும் இப்பிரசுரம் விளக்குகின்றது.

உடலின் வரவும் செலவும்

உணவிலிருந்து உடல் பெறும் சக்தி கலோரி என்னும் அலகினால் அளக்கப்படும். மாப்பொருள், சீனி, புரதம் ஆகியவற்றுள் எதுவாயினும் அதன் ஒரு கிராம் ஏறக்குறைய 4 கலோரி தரும். கொழுப்பு அல்லது எண்ணெயில் ஒரு கிராம் ஏறக்குறைய 9 கலோரி தரும். எனவே எண்ணெயில் தோய்ந்த உணவு, சிறிதாகத் தோன்றினும் சக்தியில் மிகுந்தது.

இச்சக்தி இரு வழிகளிற் செலவாகின்றது. ஒன்று, இதயம் துடித்தல், மூச்சு விடுதல், உடல் வெப்பத்தைப் பேணுதல் போன்ற ஓயாத உட்தொழில்களுக்காகும் செலவு. 60 கிலோ நிறையுள்ள நடுவயது ஆணொருவருக்கு இதற்கு மட்டும் நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,550 கலோரி வேண்டும். மற்றையது, உடலுழைப்புக்காகும் செலவு. முன்னையது நாளுக்கு நாள் அதிகம் மாறுவதில்லை. பின்னையதோ, செய்யும் வேலைக்கேற்பப் பெரிதும் மாறும்.

வரவு செலவிலும் மிஞ்சும்போது மீதி கொழுப்பாகின்றது. ஒரு கிலோ உடற்கொழுப்பிலே ஏறக்குறைய 7,700 கலோரி அடங்கியுள்ளது. ஆகவே நாளொன்றுக்கு 100 கலோரி மட்டும் மிஞ்சினும், இரண்டரை மாதத்தில் ஒரு கிலோ அளவு கூடுவதற்கு இடமுண்டு. நிறை கூடக் கூட உடலின் செலவும் சிறிது கூடுமாதலால் இவ்வளர்ச்சி பின்னர் தளரும். எனினும் ஐந்தாறு ஆண்டுகளில் சாரத்தை இடுப்பிற் கட்டும்போது அதன் விளைவு தெளிவாகத் தெரியும். ஒரே நாளில் உண்ட விருந்தினால் எவரும் பருப்பதில்லை. நாள்தோறும் சிறிது சிறிதாக மிஞ்சுவதே உடலைப் பருக்கச் செய்கின்றது.

வயல்வேலையில் ஏற்பட்ட மாற்றம்

முன்னைய தலைமுறையினர் எருதுகளை ஓட்டி உழுதனர், மண்வெட்டியால் வரம்பு கட்டினர், குனிந்து நாற்று நட்டனர், களையைக் கையாற் பிடுங்கினர், அரிவாளால் அறுத்தனர், சூடு மிதித்துத் தூற்றி மூடையைத் தோளிற் சுமந்தனர். தோட்டக்காரர் துலா மிதித்தோ பட்டையால் இறைத்தோ மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நீர் பாய்ச்சினர். வயலுக்கும் சந்தைக்கும் நடந்தே சென்றனர்.

இன்று உழவு இயந்திரம் உழுகின்றது. பல இடங்களில் நாற்று நடுகைக்குப் பதிலாக வீச்சு விதைப்பு நடைபெறுகின்றது. களைநாசினி களையை அழிக்கின்றது. அறுவடை இயந்திரம் ஒரே முறையில் அறுத்து, அடித்து, தூற்றி நெல்லைப் பையிலிடுகின்றது. நீரிறைக்கும் இயந்திரம் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சுகின்றது. வயலுக்குச் செல்லும் வழியை மோட்டார் சைக்கிள் குறுக்கிவிட்டது. இம்மாற்றம் வருந்தத்தக்கதன்று. முதுகெலும்பு முறியும் உழைப்பினின்றும் கமக்காரர் விடுபட்டமை நன்மையே. ஆயினும் உடலின் செலவுக் கணக்கில் அது பெரிய வேறுபாட்டை உண்டாக்கியுள்ளது.

அவ்வேறுபாட்டைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். கடும் உழைப்பாளி ஒருவர், உடலின் உட்தொழிலுக்கு வேண்டிய சக்தியைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் நாளொன்றிற் செலவிடுவர். இலகுவான வேலை செய்பவர் ஒன்றரை மடங்கு அளவே செலவிடுவர். 60 கிலோ நிறையுள்ள ஆணுக்கு முன்னையது ஏறக்குறைய 3,250 கலோரியாகவும் பின்னையது ஏறக்குறைய 2,400 கலோரியாகவும் அமையும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 850 கலோரி.

சமைக்காத அரிசி 100 கிராம் ஏறக்குறைய 350 கலோரி தருமாதலால், 850 கலோரி என்பது கால் கிலோவுக்குச் சற்றுக் குறைந்த அரிசியாகும். வீட்டுத் தராசில் நிறுத்துப் பார்ப்பின், ஒரு சுண்டு அரிசி இந்நிறையை அண்மித்திருப்பதைக் காணலாம். அதாவது, தந்தை கையால் உழுத காலத்தில் உண்ட சோற்றிலும் ஏறக்குறைய ஒரு சுண்டு அரிசிச் சோறு, இயந்திரத்தின் துணையுடன் கமஞ்செய்யும் மகனுக்குத் தேவையில்லை. ஆனால் பெரும்பாலான வீடுகளிற் சோறு போடும் அகப்பையும் மாறவில்லை, கோப்பையும் மாறவில்லை. தந்தைக்கு இட்டவாறே மகனுக்கும் இடப்படுகின்றது.

இதுவே பிரச்சினையின் முதற்பாதி. உழைப்புக் குறைந்தது, உணவு குறையவில்லை. பிரச்சினையின் மறுபாதி வீட்டுக்கு வெளியே, சந்தியிலுள்ள கடையில் இருக்கின்றது.

துரித உணவு

விரைவாகச் சமைத்து, விரைவாக விற்று, விரைவாக உண்ணப்படும் கடையுணவே துரித உணவு எனப்படும். மேனாட்டுப் பாணியிலமைந்த பொரித்த கோழியிறைச்சிக் கடைகளை மட்டும் இச்சொல் குறிப்பதன்று. கொத்து ரொட்டி, பொரித்த சோறு, றோல்ஸ், பற்றீஸ், பணிஸ், எண்ணெயிற் பொரித்த வடை, உடன் நூடில்ஸ், இனிப்பு விசுக்கோத்து, போத்தலில் அடைத்த மென்பானம் ஆகியவையும் இவ்வகையினவே. பெரும்பாலும் இவை கோதுமை மா, எண்ணெய், சீனி, உப்பு ஆகிய நான்கினால் ஆனவை. மரக்கறியும் நார்ப்பொருளும் இவற்றில் மிகக் குறைவு.

மரக்கறிச் செய்கையாளர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் கத்தரிக்காயும் பயற்றங்காயும் புடலங்காயும் ஏற்றிக்கொண்டு இரவிலே தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்குச் செல்கின்றார். வழியில் தேநீருடன் இரண்டு றோல்ஸ் உண்கின்றார். சரக்கை விற்றபின் கொத்து ரொட்டி ஒன்றும் மென்பானம் ஒன்றும் உட்கொள்கின்றார். வீடு திரும்பியதும் மனைவி ஆக்கி வைத்த சோற்றையும் வீணாக்க மனமின்றி உண்கின்றார். நஞ்சற்ற புதிய மரக்கறியை ஊருக்கு விற்றவரின் வயிற்றில் அன்று சென்ற மரக்கறி, கொத்திலே தூவப்பட்ட சிறிதளவு லீக்ஸும் கரற்றுமே.

அந்தக் கொத்து ரொட்டியைக் கணக்கிடுவோம். ரொட்டிக்கு 200 கிராம் கோதுமை மா எனக் கொண்டால் 700 கலோரி. ரொட்டி தட்டும்போதும் கொத்தும்போதும் ஊற்றப்படும் எண்ணெய் மூன்று மேசைக்கரண்டி எனக் கொண்டால் 360 கலோரி. முட்டை இரண்டுக்கு 150 கலோரி. கோழியிறைச்சித் துண்டுகளுக்கு 100 கலோரியேனும் உண்டு. ஆக, ஒரே பொதியில் 1,300 கலோரிக்கு மேல் அடங்கிவிடும். இலகுவான வேலை செய்பவருக்கு முழு நாளுக்கும் வேண்டியதில் இது பாதிக்கும் அதிகமாகும்.

வீட்டுச் சாப்பாட்டுடன் இதனை ஒப்பிடுக. 300 கிராம் சோறு ஏறக்குறைய 390 கலோரி தரும். அதனுடன் பருப்புக்கறி, மீன்குழம்பு, கீரை வறை, கத்தரிக்காய்ப் பால்கறி ஆகியவற்றைச் சேர்த்தாலும், தேங்காயை மட்டாகப் பயன்படுத்தின் மொத்தம் 800 கலோரி அளவிலேயே நிற்கும். கோப்பை நிறைந்திருக்கும், வயிறும் நிறைந்திருக்கும், சக்தியோ கொத்தின் மூன்றிலிரண்டு பங்கிலும் குறைவு.

இரவில் உண்பதனாலேயே கொத்து ரொட்டி கெடுதி செய்கின்றது எனச் சிலர் கருதுவர். கடிகாரம் மட்டும் காரணமன்று. அன்றைய தேவை முன்னரே நிறைவேறியபின் அது மேலதிகமாக வந்து சேர்வதே முதற்காரணமாகும்.

துரித உணவைக் கூடுதலாக உண்ண நேர்வது ஏன்?

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தேசிய சுகாதார நிறுவனங்களில் நடத்தப்பட்டு 2019ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆராய்ச்சியொன்று இவ்வினாவுக்கு விடை தருகின்றது. 20 பேர் ஆராய்ச்சி நிலையத்திலேயே தங்கவைக்கப்பட்டனர். இரண்டு வாரம் அவர்களுக்குத் தொழிற்சாலை முறையிற் பதனிடப்பட்ட உணவும், இரண்டு வாரம் இயற்கை நிலையிலுள்ள பொருள்களைக்கொண்டு சமைத்த உணவும் வழங்கப்பட்டன. இருவகை உணவிலும் வைக்கப்பட்ட சக்தி, சீனி, கொழுப்பு, உப்பு, நார்ப்பொருள் ஆகியவை சமமாக்கப்பட்டிருந்தன. விரும்பிய அளவு உண்ணலாம், மீதியை விட்டுவிடலாம் எனக் கூறப்பட்டது.

பதனிட்ட உணவு கிடைத்த நாள்களில் அவர்கள் நாளொன்றுக்கு ஏறக்குறைய 500 கலோரி கூடுதலாக உண்டனர். இரண்டு வாரத்தில் அவர்களின் நிறை சராசரியாக 0.9 கிலோ கூடியது. மற்றைய இரண்டு வாரத்தில் அதேயளவு குறைந்தது. உண்டவர்கள் அதே மனிதர்கள், மாறியது உணவே. ஆகவே துரித உணவை மிகுதியாக உண்பவரைப் பெருந்தீனிக்காரர் எனப் பழிப்பது பொருந்தாது. உணவின் தன்மையே அவரைக் கூடுதலாக உண்ணச் செய்கின்றது.

பதனிட்ட உணவை அவர்கள் விரைவாக உண்டனர் என்பதும் அங்கு காணப்பட்டது. வயிறு நிறைந்த செய்தி மூளைக்கு முழுமையாகத் தெரியவரச் சிறிது நேரம் செல்லும். பொதுவாக 15 முதல் 20 நிமிடம் எனலாம். மெல்ல வேண்டாத மென்மையான பணிஸும் றோல்ஸும் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். முருங்கைக்காயும் கீரையும் தவிடு நீக்காத அரிசிச் சோறும் மென்று உண்ணப்பட வேண்டியவை. அவற்றை உண்டு முடிப்பதற்குள் போதும் என்ற உணர்வு தோன்றிவிடும்.

இட்ட அளவே உண்ட அளவு

உணவின் தன்மையைப் போலவே, முன்னே வைக்கப்படும் அளவும் உண்ணும் அளவைத் தீர்மானிக்கின்றது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்து 2002ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், 51 ஆண் பெண்களுக்கு ஒரேவகை உணவு வெவ்வேறு நாள்களில் 500 கிராம் முதல் 1,000 கிராம் வரை நான்கு அளவுகளில் வைக்கப்பட்டது. மிகப் பெரிய அளவு வைக்கப்பட்ட நாளில், மிகச் சிறிய அளவு வைக்கப்பட்ட நாளிலும் பார்க்க 30 சதவீதம் கூடுதலாக உண்டனர். ஆயினும் உண்டபின் வயிறு நிறைந்த உணர்வில் அவர்கள் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதையும் கூறவில்லை. பசி அளக்கவில்லை, கண்ணே அளந்தது.

வணிகர் இவ்வியல்பை நன்கறிவர். அமெரிக்காவில் மக்டொனால்ட்ஸ் கடை 1955ஆம் ஆண்டில் விற்ற மென்பானக் குவளை ஏறக்குறைய 200 மில்லிலீற்றர் கொண்டது. பிற்காலத்தில் ஒரு லீற்றருக்கும் மேற்பட்ட குவளை அங்கு விற்பனைக்கு வந்தது. பெருங்குவளையை நிரப்பக் கடைக்காரருக்கு ஆகும் மேலதிகச் செலவு சொற்பம். வாங்குபவருக்கோ சிறிது பணம் கூட்டிக் கொடுத்தாற் பெரியது கிடைக்கும் என்ற மகிழ்ச்சி. மக்களின் உடற்பருமன் பற்றிய கண்டனம் வளர்ந்த 2004ஆம் ஆண்டில் அந்நிறுவனம் அம்மிகப் பெரிய அளவைக் கைவிடுவதாக அறிவித்தது.

நம் ஊர்க் கடைகளிலும் அரைக்கொத்துக்கும் முழுக்கொத்துக்கும் உள்ள விலை வேறுபாடு, உணவின் வேறுபாட்டிலும் குறைவாக இருப்பதுண்டு. முழுமையாக வாங்குவதே இலாபம் என மனம் கூறும். தேவைக்கு மிஞ்சிய யூரியா மலிவாகக் கிடைத்தாலும் அதனை வயலிற் கொட்டுவது இலாபமன்று. மிஞ்சிய உணவும் அவ்வாறே. மேலும், வாழையிலையிலோ பொதியிலோ வந்த சோற்றை வீணாக்கலாகாது என்ற நல்லெண்ணம் நெல் விளைப்பவரிடம் மற்றவரிலும் கூடுதலாக உண்டு. அவ்வெண்ணம் போற்றத்தக்கதே. எனினும் உணவை வீணாக்காதிருக்கும் வழி, மிஞ்சியதை வயிற்றிற் போடுவதன்று. முதலிலேயே அளவாக இடுவதாகும்.

குடிக்கும் சீனி

பானத்தின் மூலம் உட்செல்லும் சீனி பசியைத் தணிப்பதில்லை. ஆனாற் கணக்கிற் சேரும். ஒரு தேக்கரண்டி சீனி 5 கிராம் எனக் கொண்டால் 20 கலோரி. நாளொன்றுக்கு ஐந்து தேநீர், ஒவ்வொன்றிலும் மூன்று தேக்கரண்டி சீனி எனில் 75 கிராம் சீனியும் 300 கலோரியும் ஆகின்றன. வெளியிலிருந்து சேர்க்கும் சீனி மொத்தச் சக்தியில் பத்தில் ஒரு பங்குக்குக் குறைவாக இருத்தல் வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் 2015ஆம் ஆண்டில் விதந்துரைத்தது. 2,400 கலோரி தேவைப்படுபவருக்கு அது 60 கிராம் சீனியாகும். எனவே இத்தேநீர் மட்டுமே அவ்வெல்லையைக் கடந்துவிடுகின்றது.

இலங்கையில் மென்பானங்களின் சீனியளவை நிறத்தாற் காட்டும் முறை 2016ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேற் சீனியுள்ள பானத்துக்குச் சிவப்பு, 2 முதல் 11 கிராம் வரை செம்மஞ்சள், 2 கிராமுக்குக் குறைந்ததற்குப் பச்சை என அது வகுக்கப்பட்டது. 100 மில்லிலீற்றரில் 11 கிராம் கொண்ட பானத்தில் அரை லீற்றர் போத்தலொன்றை அருந்துபவர், 55 கிராம் சீனியை, அதாவது 11 தேக்கரண்டியை உட்கொள்கின்றார். அதன் 220 கலோரியைச் செலவிட 60 கிலோ நிறையுள்ள ஒருவர் ஏறக்குறைய நான்கரைக் கிலோமீற்றர் நடத்தல் வேண்டும். வெயிலில் வேலை செய்தவருக்கு வேண்டியது நீரே. குடிநீர், மோர், தேசிக்காய் நீர், இளநீர் ஆகியவை தாகத்துக்கு ஏற்றவை. இவற்றுள்ளும் தேசிக்காய் நீருக்குச் சீனி சேர்க்காதிருத்தல் நன்று.

நிறை கூடுவதால் வரும் கேடு

உடற்பருமன் அழகு பற்றிய விடயமன்று. தொழில் பற்றிய விடயம். மிகையான நிறை முழங்கால் மூட்டுகளைத் தேய்க்கும். இரத்த அழுத்தம், இதயநோய் ஆகியவற்றுக்கு வழிவகுக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பு நீரிழிவுக்கு ஏதுவாகும். 2005-2006ஆம் ஆண்டுகளில் வடக்கு, கிழக்கு தவிர்ந்த ஏழு மாகாணங்களில் நடத்தப்பட்ட ஆய்விலேயே, வளர்ந்தோரிற் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பதாகக் காணப்பட்டது. அவர்களுட் பலர் தமக்கு அந்நோய் உள்ளதென்பதையே அறியாதிருந்தனர்.

நீரிழிவு எவருக்கும் தீங்கானது. கமக்காரருக்கோ இரட்டைத் தீங்கு. நீண்டகால நீரிழிவு பாதங்களின் உணர்ச்சியைக் குறைக்கும். கமக்காரர் வெறுங்காலுடன் சேற்றில் இறங்குபவர். மண்வெட்டி பட்ட வெட்டோ, நத்தையோட்டின் கீறலோ, முள்ளோ அவருக்குத் தெரியாமற் போகும். இரத்தத்திற் சீனி மிகுந்திருப்பின் புண் விரைவில் ஆறாது. சேற்றிலுள்ள கிருமிகள் அதிற் குடிபுகும். கவனியாது விடப்பட்ட புண்ணால் விரலையோ காலையோ இழந்தவர்கள் உண்டு. காலை இழந்த கமக்காரரின் வயலை யார் பார்ப்பர்? ஒரு போகத்தின் விளைச்சல் பொய்த்தால் அடுத்த போகத்தில் ஈடுசெய்யலாம். இழந்த காலுக்கு அடுத்த போகம் இல்லை.

அளந்தறியும் முறை

நெல்லுக்குத் தழைச்சத்துப் போதுமா என அறிய இலைநிற அட்டை உதவுகின்றது. உடலுக்கு உணவு மிஞ்சுகின்றதா என அறிய ஓர் அளவு நாடா போதும். தொப்புள் மட்டத்தில், வயிற்றை உள்ளிழுக்காது, மூச்சை வெளிவிட்டு நின்று அளத்தல் வேண்டும். ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றருக்கும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றருக்கும் மேற்படின் எச்சரிக்கை எனக் கொள்க.

மற்றொரு முறை உடற்றிணிவுச் சுட்டியாகும். கிலோவில் உள்ள நிறையை, மீற்றரில் உள்ள உயரத்தால் இருமுறை வகுத்து இதனைப் பெறலாம். 1.65 மீற்றர் உயரமும் 70 கிலோ நிறையும் உடையவரின் சுட்டி 25.7 ஆகும். ஆசிய மக்களுக்கு இச்சுட்டி 23ஐத் தாண்டும்போதே நோய்க்கான இடர் கூடத் தொடங்குகின்றது. எனவே இவ்வுயரமுள்ளவர் ஏறக்குறைய 62 கிலோவுக்குள் இருத்தல் நன்று. இருவகை அளவையும் மூன்று மாதத்துக்கொருமுறை எடுத்து, விதைப்பு அறுவடை நாள்கள் எழுதிவைக்கும் கொப்பியிலேயே குறித்துவைக்கலாம்.

கைக்கொள்ளத்தக்க முறைகள்

1. வேலைக்கேற்பச் சோறு. வரம்பு கட்டும் நாளிலும் மூடை சுமக்கும் நாளிலும் வழமைபோல் உண்க. பெரும்போக அறுவடைக்கும் சிறுபோக விதைப்புக்கும் இடைப்பட்ட வாரங்களிலும், இயந்திரமே வேலை செய்யும் நாள்களிலும் சோற்றைக் குறைக்க. உலையில் இடும் அரிசியைச் சுண்டால் அளந்து, ஒருவருக்கு ஒருவேளைக்கு அரைச்சுண்டுக்கு மேற்படாது இடுதல் நல்ல தொடக்கமாகும்.

2. கோப்பையிற் பாதி மரக்கறி. முதலிற் கீரையும் மரக்கறியும் கோப்பையின் பாதியை நிரப்புக. எஞ்சிய பாதியைச் சோறும், பருப்பு, பயறு, மீன், முட்டை ஆகியவற்றுள் ஒன்றும் பகிர்ந்துகொள்ளட்டும். நாளொன்றுக்கு 400 கிராம் மரக்கறியும் பழமும் உண்ணல் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. சந்தைக்கு அனுப்பும் முன் வீட்டுக்கு வேண்டியதை எடுத்து வைத்தல் வேண்டும். கழிபட்டதை மட்டும் வீட்டுக்கு ஒதுக்குதல் கூடாது.

3. தவிடு முற்றாக நீக்காத அரிசி. ஆலையில் நன்கு தீட்டிய வெள்ளையரிசியிலும், தவிடு நீக்காத சிவப்பரிசியில் நார்ப்பொருள் கூடுதலாக உண்டு. சொந்த நெல்லைக் குற்றுவிப்போர் குறைவாகத் தீட்டுமாறு ஆலைக்காரரிடம் கூறலாம். அவ்வரிசி விரைவிற் பழுதடையுமாதலாற் சிறிது சிறிதாகக் குற்றுவித்தல் நன்று.

4. கையிற் கட்டுச்சோறு. சந்தைக்கோ நகருக்கோ செல்லும் நாளில் வீட்டிலிருந்து பொதி கொண்டுசெல்க. இயலாதபோது அவித்த கடலை, அவித்த பயறு, வாழைப்பழம் ஆகியவற்றை வாங்குக. றோல்ஸிலும் இவை மேலானவை.

5. கொத்து வாங்கின் பகிர்க. ஒரு பொதியை இருவர் உண்க. எண்ணெயைக் குறைத்து, மரக்கறியைக் கூட்டிப் போடுமாறு கேட்கத் தயங்க வேண்டியதில்லை. மாதத்தில் ஓரிரு முறை உண்பதாற் கேடில்லை, வழக்கமாவதே கேடு.

6. சீனியைப் படிப்படியாகக் குறைக்க. மூன்று கரண்டி இடுபவர் முதல் மாதம் இரண்டாகவும் அடுத்த மாதம் ஒன்றாகவும் குறைப்பின் நாக்கு பழகிவிடும்.

7. ஆறுதலாக உண்க. முதற் கோப்பை முடிந்ததும் சிறிது நேரம் பொறுத்து, பின்னரும் பசித்தால் மட்டும் மேலும் இடுக. சோற்றுப் பானையை உண்ணுமிடத்தில் வையாது அடுக்களையிலேயே வைத்தல் உதவும்.

8. விருந்தினரை வற்புறுத்தாதிருக்க. இன்னும் ஓரகப்பை என மேலும் மேலும் இடுதல் நம் வழக்கத்தில் அன்பின் அடையாளம். கீரையையும் மரக்கறியையும் கூட்டி இட்டும் அவ்வன்பைக் காட்டலாம்.

கவனிக்க வேண்டியவை

இங்கு கூறியவை எல்லோருக்கும் ஒரேவகையாகப் பொருந்தா. வளரும் பிள்ளைகள், கருவுற்ற தாய்மார், பாலூட்டும் தாய்மார், மெலிந்த முதியோர் ஆகியோரின் உணவைக் குறைத்தல் கூடாது. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போது பல குடும்பங்கள் வறுமையாலே உணவைக் குறைக்க நேர்ந்தது. அக்குறைப்பு வேறு, மிஞ்சியதைத் தவிர்க்கும் இம்முறை வேறு. ஒரே வீட்டில் தந்தை பருத்தும் குழந்தை மெலிந்தும் இருப்பதுமுண்டு. அவ்விடத்துச் சோற்றை மட்டும் கூட்டுவதோ குறைப்பதோ தீர்வாகாது. முட்டை, மீன், பருப்பு, கீரை ஆகியவை குழந்தையின் கோப்பைக்கு முதலிற் சேர்தல் வேண்டும்.

நீரிழிவுக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மருந்து எடுப்பவர், வைத்தியரைக் கேளாது உணவுமுறையைத் திடீரென மாற்றலாகாது. இடுப்பளவு மேற்கூறிய எல்லையைத் தாண்டியவர்கள், அண்மையிலுள்ள அரசினர் வைத்தியசாலையில் இரத்தத்தின் சீனியளவைப் பார்த்துக்கொள்வது அவசியம். நீரிழிவு உள்ளவர்கள் சேற்றில் இறங்கும்போது பாதணி அணிந்து, மாலையிற் பாதங்களைக் கழுவித் துடைத்து, அடிப்பாதத்தையும் விரலிடுக்குகளையும் நாள்தோறும் பார்த்தல் வேண்டும்.

முடிவாக

நெல்லும் மரக்கறியும் விளைவிக்கும் குடும்பத்துக்கு நல்லுணவு தொலைவில் இல்லை. அது வீட்டு வேலியிலும் தோட்டத்திலுமே உள்ளது. முருங்கையிலை, பொன்னாங்காணி, வல்லாரை, பயற்றங்காய், பாகற்காய் ஆகியவற்றைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. வேண்டியது அளவு ஒன்றே. வயலுக்குப் பசளையை நிறுத்து இடும் கை, கோப்பைக்கும் சோற்றை அளந்து இடுமாயின், பயிர் சாயாது நிற்பதுபோல் அதனை விளைவிப்பவரும் பல போகங்களுக்குச் சாயாது நிற்பர். இன்றிரவு உலை வைக்குமுன், அரிசியைச் சுண்டால் அளப்பதிலிருந்து இதனைத் தொடங்கலாம்.